பத்தில் ஒன்பது மஞ்சள்

அத்தியாயம் 17

கோபம் வந்தால் சில ஆண்கள் தட்டை வீசுவார்கள், சிலர் கதவை அறைவார்கள். நம் தேவநாதன் படித்தவர், பேராசிரியர். போன வாரம் அவர் செய்த காரியம் நினைவிருக்கும். மனைவி நீட்டிய அழைப்பிதழை மரியாதையாக வாங்கினார், மேசையில் வைத்தார், அதில் அச்சாகியிருந்த அவள் முகத்தின் மேல் சுடச்சுடக் காபி டம்ளரை வைத்தார். "அடடா, பாக்கல" என்றார். பார்த்துத்தான் வைத்தார்.

அந்த மனைவிதான் இசைவாணி. ஐந்து மாதம் முன்பு வரை சிதம்பரத்தில் அவரோடு ஒரே ஆய்வகத்தில் தண்ணீரையும் சேற்றையும் ஆராய்ந்துகொண்டிருந்தவள். இப்போது கடலூரின் நகராட்சித் தலைவர். செல்லாயி நகரில் அறுநூறு வீடுகளுக்காகக் கட்டிய புதுத் தண்ணீர்த் தொட்டியின் திறப்பு விழாவுக்குத்தான் அந்த அழைப்பிதழ். 2012 மார்ச் 22, வியாழக்கிழமை, மாலை நான்கு மணி. பன்னிரண்டு பெயர்கள் போட்டிருந்தார்கள். பன்னிரண்டாவது பெயர், நீர்த்தர ஆலோசகர் முனைவர் கதிரவன்.

கதிரவன் தேவநாதனின் மாணவன். அவனுடைய ஆராய்ச்சிக் கட்டுரையைச் சிவப்பு மையால் ஏழு தடவை திருத்திக்கொடுத்தவர் தேவநாதன். திருத்தியவர் பெயர் அழைப்பிதழில் எங்கேயும் இல்லை.

"சொந்தக்காரங்க பேரு எதுலயும் வராதுன்னு பதவி ஏத்த அன்னிக்கே சொல்லிட்டேனே" என்றாள் இசைவாணி. சொன்னது உண்மைதான். உண்மையாக இருந்தால் வயிறு எரியாதா என்ன?

பெயர் போடாவிட்டாலும் வேலை கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் செல்லாயி நகர்த் தெருக்குழாயில் பிடித்த தண்ணீரை ஐஸ் டப்பாவில் வைத்து நீட்டினாள். "நீங்க பாத்துட்டு நல்லாருக்குன்னு சொன்னாதான் தொறப்பேன்" என்றாள். தேவநாதன் சிதம்பரம் பஸ்ஸில் அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போனார். நடத்துனர் பக்கத்து ஆளைத் தட்டி, "சேர்மன் வூட்டுக்காரருப்பா, கொஞ்சம் தள்ளி ஒக்காரு" என்றார். முனைவர் பட்டமும் இருபத்து மூன்று வருட வேலையும் அந்த ஒரு வார்த்தையில் காணாமல் போயின.

இனி வியாழக்கிழமைக்கு வருவோம்.

*

காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் உதவியாளர் சின்னையன் எழுந்து நின்றார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும் மனிதர்.

"ராத்திரி ரெண்டு தடவ கரண்ட் போச்சு சார். ஜெனரேட்டர் ஒடனே எடுத்துக்கிச்சு. பெட்டில சூடு எறங்கவே இல்ல, நான் பாத்துட்டேன்."

"சரி, எடு."

பெட்டியிலிருந்து கண்ணாடிக் குழாய்களை எடுத்து வைத்தார் சின்னையன். மொத்தம் பத்து. செவ்வாயன்று எல்லாவற்றிலும் ஊதா நிறத் திரவத்தை ஊற்றி, அதில் செல்லாயி நகர்த் தண்ணீரைச் சேர்த்து, இந்தப் பெட்டியில் உடம்புச் சூட்டில் வைத்திருந்தார்கள். தண்ணீர் சுத்தமாக இருந்தால் ஊதா ஊதாவாகவே இருக்கும். சாக்கடைக் கிருமி இருந்தால் மஞ்சளாகிவிடும்.

பத்தில் ஒன்பது மஞ்சளாக இருந்தன.

"ஐயய்யோ" என்றார் சின்னையன். "எந்த ஊரு தண்ணி சார் இது? வாயில வச்சா வாந்திபேதிதான்."

தேவநாதன் குழாய்களை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார். அந்த நேரத்தில் அவருக்கு அறுநூறு வீடுகளின் நினைப்பு வந்திருக்க வேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் நினைப்பு வந்திருக்க வேண்டும். அவருக்கு வந்தது சந்தோஷம். அடிவயிற்றிலிருந்து கிளம்பிய, அப்பட்டமான சந்தோஷம். ஊரெல்லாம் தண்ணீருக்காகவே அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறதே, அவள் திறக்கப்போகும் தண்ணீரின் லட்சணத்தைப் பார் என்று மனசு கும்மாளமிட்டது. ஒரு நிமிடம் கழித்துத்தான் வெட்கம் வந்தது. வந்த வெட்கமும் ரொம்ப நேரம் நிற்கவில்லை.

முடிவுத்தாளை எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கைபேசி அடித்தது.

"என்னங்க, பாத்தாச்சா?" இசைவாணியின் குரலுக்குப் பின்னால் யாரோ இருவர் தெருவிளக்குக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ராத்திரி கரண்ட் போயிடுச்சு" என்றார் தேவநாதன். அது வரை உண்மை. "பெட்டி சூடு எறங்கிப்போச்சு. இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. திரும்ப வைக்கணும்."

சின்னையன் தலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கழுவுகிற தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

"அப்ப இன்னிக்கு ஒண்ணும் தெரியாதா?"

"ரெண்டு நாளாவும்."

"சரி. சாயந்தரம் தொறக்கலாமா, வேணாமா? நீங்க என்னா சொல்றீங்க?"

சொல்வதற்கு ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது. வேண்டாம். அதைச் சொல்லியிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

"அது உன் இஷ்டம். நீதானே சேர்மன்."

"நான் ஒங்ககிட்டதான் கேக்குறேன்."

"நான் யாரு? இன்விடேஷன்ல பேரு இருக்கறவனக் கேளு."

தெருவிளக்குச் சண்டைக்காரர்களை அவள் வெளியே போகச் சொல்வது கேட்டது.

"சரிங்க. மத்தியானம் மறக்காம சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

திறக்கச் சொன்னேனா? இல்லை. நல்ல தண்ணீர் என்று சொன்னேனா? அதுவும் இல்லை. முடிவு தெரியாமல் அவள் திறக்க மாட்டாள், தள்ளித்தான் வைப்பாள். பன்னிரண்டு பெயர் போட்ட அழைப்பிதழ் வீணாகும், அவ்வளவுதான். திறந்துவிட்டால்? மத்தியானத்துக்குள் சொல்லிவிட்டால் போகிறது. இப்படித் தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பினார்.

*

இந்தப் பொறாமைக்கு வயது ஏழு. சுனாமி வந்து ஒரு வாரத்தில் பிறந்தது.

அதற்கு முன்னால் அந்த வீட்டில் பெரிய விஞ்ஞானி தேவநாதன்தான். தங்கப் பதக்கம் அவருடையது. வெளிநாட்டுப் பத்திரிகைகளில் கட்டுரைகள் அவருடையவை. இசைவாணிக்கு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொல்லிக்கொடுத்ததே அவர். 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு அவர் ஆய்வகத்தில் உட்கார்ந்து ஒரு பெரிய ஆராய்ச்சித் திட்டம் எழுத ஆரம்பித்தார். அவள் பழைய சர்பத் பாட்டில்களைக் கழுவி எடுத்துக்கொண்டு பிச்சாவரத்துப் பக்கத்துக் குப்பங்களுக்குப் போனாள். எந்தக் கிணறு உப்பாகிவிட்டது, எந்தக் கிணற்றில் குளிக்கலாம், எதில் குடிக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னாள். அங்கே அவளுக்குப் பாட்டிலம்மா என்று பெயர் விழுந்தது. வீட்டில் தேவநாதன் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தார். டாஸ்மாக் ஞாபகம் வருகிறது என்றார்.

2008-இல் கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்கும் திங்கட்கிழமையில் அவள் நாற்பது பாட்டில்களை வரிசையாக அடுக்கி வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு தெருவின் பெயர் எழுதியிருந்தது. மனு கொடுக்க வந்த ஜனமெல்லாம் மனுவை விட்டுவிட்டுத் தன் தெரு பாட்டில் எது, அதன் நிறம் என்ன என்று தேடியது. அன்றைக்கே அவள் பாதி ஜெயித்துவிட்டாள் என்பார்கள். மூன்று வருடம் கழித்து வேலையை ராஜினாமா செய்துவிட்டுச் சுயேச்சையாக நின்றாள். கத்தரிக்கோல் சின்னம். "டெபாசிட் தேறாது" என்றார் தேவநாதன். ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஓட்டில் ஜெயித்தாள்.

ஜெயித்த முதல் மாதம் அவருக்கும் கொஞ்சம் இனித்தது. பெண் தலைவர் என்றால் வேலை பார்ப்பது புருஷன்தான் என்று ஊர் நினைக்கும் இல்லையா, அதனால் மனுக்களெல்லாம் அவர் கைக்கு வந்தன. துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். அவரும் பார்த்துச் செய்யலாம் என்பார். ஒரு நாள் சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் கேட்டில் ஒரு பலகை தொங்கியது. "மனுக்களை அலுவலகத்தில் மட்டும் தரவும். குடும்பத்தினரிடம் தர வேண்டாம்." அதை அவள் அவரிடம் கேட்டுவிட்டு மாட்டியிருக்கலாம். கேட்கவில்லை.

இன்றைக்கும் டீக்கடையில் ஒருவர் காத்திருந்தார். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வருவதாகச் சொன்னார், பெயர் சுப்புராயன்.

"எங்க ஊரு ஒங்க மிஸஸோட லிமிட்டுல வராது சார். இருந்தாலும் ஒரு வார்த்த சொன்னா நடக்கும்னாங்க."

"என்ன விஷயம்?"

"பையனுக்கு டிரான்ஸ்பரு. அம்மாகிட்ட நேரா போவ பயமா கீது சார், தொரத்திடும். நீங்க சாதுன்னாங்க."

தேவநாதன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

*

பன்னிரண்டரை மணிக்கு ஆரோக்கியம்மாள் வந்தார். பிச்சாவரத்துப் பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்தவர். சிதம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு, ஆய்வகத்துக்கு வேண்டிய நண்டு, நத்தை வகையறாக்களை வாரம் ஒரு தரம் கொண்டுவந்து கொடுப்பார்.

"பாட்டிலம்மா எப்பிடி கீது?" என்றார் வந்ததும். "இன்னிக்கு டேங்கு தொறக்குதாமே? டவுனுல சொன்னாங்க."

"ம்" என்றார் தேவநாதன்.

"மொத டம்ளரு அதுதான குடிக்கும்?"

"யாரு சொன்னது?"

"சொல்லணுமா இன்னா? சுனாமி அப்ப எங்க கெணத்துல மருந்து போட்டு மூணு நாளாச்சு. ஆபீசருங்க மைக்குல குடி, குடின்றாங்க. எவன் குடிப்பான்? பொணம் மெதந்த கெணறு சார். ஒங்க வூட்டம்மா வந்துச்சு, வாளிய எறக்கி மொண்டுச்சு, எங்க எதுர்லயே மடக்கு மடக்குன்னு குடிச்சிச்சு. அப்பறம்தான் நாங்க கொடத்த எறக்குனோம். அது குடிச்சா நாங்க குடிப்போம். மாதா மேல சத்தியமா சொல்றேன், வேற யாரு சொல்லியும் கேட்டிருக்க மாட்டோம்."

இந்தக் கதையை இசைவாணி தேவநாதனிடம் சொன்னதே இல்லை. சொல்லியிருப்பாளோ? அவர்தான் திட்ட அறிக்கையிலிருந்து தலையைத் தூக்காமல் இருந்துவிட்டாரோ?

அவள் குடிப்பாள். அவள் குடித்தால் அறுநூறு வீடும் குடிக்கும். சட்டைப் பையில் இருந்த தாள் நெஞ்சில் குத்தியது. அவர் கைபேசியை எடுத்து அவளைக் கூப்பிட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார். அப்போதும் எடுக்கவில்லை.

"பாரு, என் போனைக்கூட எடுக்க நேரமில்லை" என்று அவருக்குள் இருந்த வக்கீல் மறுபடி எழுந்து நின்றார். குறுஞ்செய்தி அனுப்பியிருக்கலாம். பஸ் பிடித்திருக்கலாம். இரண்டும் செய்யாமல் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டார். மறக்காமல் சாப்பிடச் சொல்லியிருந்தாள் அல்லவா.

*

இரண்டரை மணிக்கு வாசலில் கார் ஹாரன் அலறியது. செம்பியன் வந்திருந்தான். இசைவாணியின் தம்பி. அக்காவை அரசியலுக்கு இழுத்துவந்த புண்ணியவான். தன் பழைய மாருதியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"கெளம்புங்க மாமா. அக்கா ஒங்களக் கையோட கூட்டியாரச் சொல்லிச்சு."

"எனக்கு என்ன வேல அங்க?"

"புருசன் இல்லாம ஃபங்ஷனா? சட்டைய மாத்துறீங்களா, இல்ல இதுவே போதுமா?"

"மேடையில எனக்கு நாற்காலி உண்டா?"

செம்பியன் தலையைச் சொறிந்தான். "மேடைல இல்ல மாமா. மொத வரிசைல போட்டிருக்கு. பேன் நேரா அடிக்கும்."

தேவநாதன் காரில் ஏறினார். கடலூர் போகிற வழியில் சொல்லிவிடலாம் என்றுதான் ஏறினார். ஆனால் முதல் வரிசை நாற்காலி அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை. புதுச்சத்திரம் வரை செம்பியன் மட்டுமே பேசினான்.

"கதிரவன் சாரு காலைலேருந்து அங்கதான் கீறாரு மாமா. என்னா சின்சியரு! அக்காவும் எதுன்னாலும் அவரதான் கேக்குது."

"ஓ."

"ஒங்க ஸ்டூடண்ட்டாமே? பெரும தான் ஒங்களுக்கு?"

"ரொம்பப் பெரும" என்றார் தேவநாதன்.

ஆலப்பாக்கம் தாண்டி ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் இரண்டு பஸ்ஸும் ஒரு செங்கல் லாரியும் நின்றன. மணி மூன்றரை. செம்பியன் இஞ்சினை அணைத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"புரோகிராம் சூப்பரா போட்டுருக்கோம் மாமா. மொதல்ல அக்கா ஒரு டம்ளரு குடிக்கும். அது முடிஞ்சதும் அந்தத் தெரு ஸ்கூல் புள்ளைங்க நாப்பது பேரு. ஆளுக்கொரு டம்ளரு குடுத்து வரிசையா நிக்க வச்சிருக்கோம். போட்டோ அள்ளும்."

தேவநாதன் அவன் முகத்தைப் பார்த்தார்.

"எந்தப் புள்ளைங்க?"

"ஒண்ணாவது, ரெண்டாவது. சின்னதுங்க. அதுங்கதான் மாமா போட்டோவுக்கு நல்லாருக்கும்."

நாற்பது குழந்தைகள் என்றதும் அவருடைய வக்கீலுக்கு வாய் அடைத்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார்.

"மச்சான், அந்தத் தண்ணியத் தொறக்கக் கூடாது."

"இன்னா சொல்றீங்க?"

"சாக்கடை கலந்திருக்கு. பத்துல ஒம்பது மஞ்சள். குடிச்சா புள்ளைங்க தாங்காது."

செம்பியன் தாளைப் பிடுங்கிப் பார்த்தான். அவனுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை, கீழே இருந்த கையெழுத்து மட்டும் புரிந்தது.

"இது எப்ப தெரியும் ஒங்களுக்கு?"

"காலைல."

"காலைலன்னா? நான் வரசொல்ல தெரியுமா? அக்கா போன் பண்ணப்ப தெரியுமா?"

தேவநாதன் தலையை மட்டும் அசைத்தார். செம்பியன் அவரைக் கை நீட்டி அடித்திருந்தால்கூடத் தேவலை. அவன் கைபேசியை எடுத்து அக்காவுக்கு அடித்தான். அணைத்து வைத்திருந்தது. கவுன்சிலருக்கு அடித்தான். அந்தப் பக்கம் பேண்டு வாத்தியம் மட்டும் கேட்டது. ரயில் வந்து, போய், கேட் தூக்கியதும் எதிர்வரிசையில் காரை ஏற்றி லாரிக்காரனின் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு பறந்தான். வழியெல்லாம் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தான்.

"அக்காவ ஒங்களுக்குப் புடிக்காதா மாமா?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. ரொம்பப் பிடிக்கும். பிடித்ததனால்தான் இவ்வளவு எரிந்தது. அதை ஒரு மச்சானிடம் எப்படிச் சொல்வது?

*

செல்லாயி நகருக்குள் கார் நுழையும்போது நான்கு இருபது. சாமியானா நிறைய ஜனம். மேடைக்குக் கீழே வரிசையாகக் குழந்தைகள், எல்லார் கையிலும் எவர்சில்வர் டம்ளர். மேடையில் இசைவாணி, அவள் கையிலும் டம்ளர். உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டாள்.

தேவநாதன் காரிலிருந்து குதித்தார். கல்யாண ஊர்வலத்தில்கூட வேகமாக நடக்காதவர் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினார். ஒரு செருப்பு கழன்று எங்கேயோ போனது.

"வாணீ! குடிக்காத! அதுல சாக்கடை கலந்திருக்கு! புள்ளைங்களா, கீழ ஊத்துங்க!"

வாத்தியம் நின்றது. நானூறு தலைகள் அவர் பக்கம் திரும்பின. ஒரு குழந்தை பயந்துபோய் டம்ளரைக் கவிழ்த்துவிட்டு அழ ஆரம்பித்தது. கீழே சிந்தியது வெள்ளையாக இருந்தது.

இசைவாணி மைக்கைக் கிட்டே இழுத்தாள். "இது மோருங்க" என்றாள். "வெயிலுக்குக் குடுக்குறோம். வாங்க, ஒக்காருங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தேவநாதன் ஒரு கால் செருப்போடு நடுவில் நின்றார்.

அவள் விட்ட இடத்திலிருந்து பேசினாள். "நான் சொன்ன மாதிரி, தண்ணி இன்னிக்கு இல்ல. டிசம்பர் புயல்ல சாஞ்ச வேப்பமரம் வேரோட குழாயத் தூக்கி, உள்ள வெடிப்பு உட்டுருக்கு. மத்தியானம்தான் தோண்டிப் பாத்தாங்க. பக்கத்துலயே சாக்கடை ஓடுது. சரி பண்ற வரைக்கும் லாரில தண்ணி வரும். நல்ல தண்ணின்னு ரிசல்ட் வந்தா மறுபடி கூப்புடுறேன், நானே மொதல்ல குடிக்கிறேன்."

கை தட்டினார்கள். திறக்காத தொட்டிக்குக் கை தட்டிய ஊரை அன்றுதான் தேவநாதன் பார்த்தார்.

*

மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் சத்தத்தில், இருவரும் எதிரெதிரே நின்றார்கள். கொஞ்ச தூரத்தில் நின்ற கதிரவன் அவரைக் கண்டதும் மோர் டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வணக்கம் சார்" என்றான், வகுப்பில் நிற்கிற மாதிரி.

தேவநாதன் தாளை நீட்டினார். இசைவாணி வாங்கி நிதானமாகப் படித்தாள். பிறகு தன் கைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். கதிரவனின் கையெழுத்து. பத்தில் ஒன்பது.

"ரெண்டு எடத்துக்கு அனுப்பணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதான்" என்றாள். "இவரு எட்டரைக்கே சொல்லிட்டாரு. தோண்டிப் பாக்குற வரைக்கும் தம்பிக்குக்கூட நான் சொல்லல."

தேவநாதனுக்கு அதைக் கூட்டிப் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எட்டரைக்கா? அப்ப நீ எனக்குப் போன் பண்ணப்ப..."

"தெரியும்."

"தெரிஞ்சுகிட்டா தொறக்கலாமான்னு கேட்ட?"

"ஆமாம். வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னுதான் கேட்டேன். பத்து மணி வரைக்கும் உக்காந்திருந்தேன், திரும்பக் கூப்புடுவீங்கன்னு. அப்பறம் போனைப் பையில போட்டுட்டு, குழாயத் தோண்டச் சொல்லிட்டுப் போயிட்டேன். இன்னிக்கு நாள் பூரா எனக்கு எதுலயும் மனசு நிக்கல, தெரியுமா?"

அவள் தாளைத் திருப்பி அவரிடமே கொடுத்தாள்.

"பாத்த நேரம்னு ஒரு கட்டம் இருக்கு. அது காலியா இருக்கு. எழுதுங்க."

பேனாவையும் அவளே கொடுத்தாள். தேவநாதன் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். பகல் இரண்டு என்று எழுதலாம். கரண்ட் போனது என்று முன்பே சொல்லியாகிவிட்டது, யாரும் கேட்கப் போவதில்லை. சின்னையனோ செம்பியனோ வாயைத் திறந்தால்தான் உண்டு, இரண்டு பேரும் திறக்க மாட்டார்கள். இசைவாணி அவர் கையைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நின்றாள்.

காலை 8.40 என்று எழுதினார்.

அவள் வாங்கிப் பார்த்தாள். அதன் கீழே, பெற்றுக்கொண்ட நேரம் மாலை 4.35 என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள். அலுவலக உதவியாளர் இளவரசியைக் கூப்பிட்டு இரண்டு தாளையும் கொடுத்தாள்.

"ரெண்டையும் ஃபைல்ல போட்டுடும்மா."

அவர் கத்திக்கொண்டு ஓடிவந்ததைப் பார்த்ததிலிருந்து மூக்கு வேர்த்துப்போய் நின்ற ஒரு நிருபர் பக்கத்தில் வந்தார். "மேடம், சாரோட ரிசல்ட்டு ஒரு காப்பி கெடைக்குமா? எத்தன மணிக்குத் தெரிஞ்சுதுன்னு பாக்கணும்."

இளவரசி தாள்களை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தலைவரைப் பார்த்தாள். செம்பியன் பார்த்தான். கதிரவன் தரையைப் பார்த்தான். "வேணாம்" என்ற அதே ஒற்றை வார்த்தைக்காக இப்போது தேவநாதன் காத்துக்கொண்டு நின்றார்.

"யாரு கேட்டாலும் குடுக்கணும்" என்றாள் இசைவாணி. "குடுத்துடும்மா."

பிறகு அவர் பக்கம் திரும்பி, "இட்லி மாவு ஃபிரிட்ஜுல இருக்கு. எனக்கு லேட்டாவும்" என்று சொல்லிவிட்டு மேடைக்கு ஏறிப் போனாள்.

இளவரசி முன்னாலும் நிருபர் பின்னாலுமாகத் தெருமுனை ஜெராக்ஸ் கடையை நோக்கி நடந்தார்கள். ஓடிப்போய்த் தடுக்கலாமா என்று தேவநாதனின் கால் ஒரு அடி எடுத்து வைத்தது, பிறகு நின்றுவிட்டது. அவள் இடத்தில் தான் இருந்திருந்தால் தன் வீட்டு மானத்தை இப்படி எடுத்துக் கொடுத்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தார். கொடுத்திருக்க மாட்டார். அது தெரிந்ததும், நாளைக் காலை பத்திரிகையில் என்ன வரும் என்ற பயத்தையும் மீறி, அந்த மனுஷருக்கு மறுபடியும் அவள் மேல் பொறாமைதான் வந்தது.